பட்டாபிராம் வீட்டில் கருகிய புல்

என் நோட்டில் குறித்த நேரங்களை அப்படியே தருகிறேன். இது எனக்கு நடந்தது. கனவாக இருக்குமோ என்று பலமுறை யோசித்தேன்... இல்லை. நடந்தது.

பட்டாபிராமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் சின்னப் புல்தரை. அதில் அங்கங்கே கருகிய திட்டுகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர் சத்தியராஜ்.

மாலையில் தோட்டக்கலை வகுப்புக்குப் போகிறவன் நான். சொல்லித் தந்தபடி ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் சமமாகத்தான் பாய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வேர் பிடித்திருந்தது.

"நாய் மூத்திரம், மச்சான். இதுக்கு இன்னாத்துக்கு நோட்டு?" என்றான் கூடப் படிக்கும் லிபின்.

அதையும் கழிக்க, கேட்டை இரவு பகலாக உள்பக்கம் பூட்டினேன். சாவி ஹாலில், ஆணியில்.

நாய் வரவில்லை. திட்டு வந்தது. நாளுக்கு நான்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வாசற்படியிலிருந்து கேட்டை நோக்கி...

வியாழன், வகுப்பு இல்லாத நாள். மாலை 6.25. மிச்சமிருந்தது புழு சோதனை. தரை முழுக்க சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். புழு இருந்தால் பத்து நிமிடத்தில் மேலே வரும். கேட் ஓரம் நின்று காத்திருந்தேன்.

6.31. புழு வரவில்லை.

ஸ்ர்ர்க்...

வாசற்படி அருகே நுரை அமுங்கியது. உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

ஸ்ர்ர்க்... பின்னால் முழங்கால்.

என்னை நோக்கி வந்தது. சாவி அதற்குப் பின்னால். என் முதுகில் பூட்டிய கேட்.

6.34. என் காலடியில் நின்றது.

டங்... டங்...

பூட்டு ஆடியது. நான் தொடவில்லை.

எப்படி ஏறினேனோ தெரியாது. கை கிழியத் தெருவில் விழுந்தேன்.

எதிரில் இஸ்திரி போடும் கன்னியம்மா அக்கா ஓடிவந்தார்.

"கேட்டை உள்ள பூட்டிகினா கீற? ஓனரு சொல்லல? உனக்கு முன்ன இருந்த அம்மா உழுந்து இடுப்பு ஒடிஞ்சி, தவந்துகினே கேட்டாண்ட வந்துக்குது. சாவி ஆணில. பொங்கலுக்கு தெருவே ஊருக்குப் பூட்ச்சு. மூணு நாளு கேட்டாண்டயே கெடந்து செத்துச்சு, நைனா..."

மறுநாள் காலை லிபினோடு போனேன். கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்தேன்.

நான் நின்ற இடத்தில் புதிதாக இரண்டு திட்டுகள். நீளமானவை. சோப்பு கருக்கியிருக்கலாம் என்று எழுதினேன். அடித்தேன். கம்பி வழியாக டேப்பை நீட்டினேன். இருபத்தேழு சென்டிமீட்டர்.

லிபின் சிரிக்கவில்லை. என் செருப்பைப் பார்த்தான். அளந்தோம்.

இருபத்தேழு.

அவற்றுக்கு முன்னால் இன்னொரு ஜோடி. அதற்கு முன்னால் இன்னொன்று. வாசற்படி வரை... வீட்டுக்குள் போகும் பக்கமாக.

நான் வெளியேதான் குதித்தேன்.

வெளியேதான்...