களிமண்ணில் அக்கா எடுத்த குழிகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இங்கே கூடியிருக்கும் உறவுகளுக்கும், தோட்டத்து வரப்பில் நின்று அவரோடு பேசிப் பழகிய அக்கம்பக்கத்தாருக்கும் தம்பியாகிய நான் நாலு வார்த்தை எழுதுகிறேன். சாதுவானவர், பொறுமையின் வடிவம் என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். அக்கா சாது அல்ல. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கே யாரும் இல்லை என்பதால் அந்தப் பொய்யை விட்டுவிடுகிறேன்.

அக்கா பிறந்தது வேலந்தாவளத்தில். எங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தை நாளில் அக்காவையும் கூட்டிப் போவார். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். பெருமாட்டி என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் அக்கா எதை வாங்கினாலும், யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோது தன்னையும் அப்படித்தான் பார்த்தார் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

மச்சான் சின்ன வயதிலேயே போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற அக்காவைத் தாங்கியது அவருடைய தென்னந்தோப்புதான். மகனைப் படிக்க வைத்ததும், கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பியதும் அந்தத் தோப்புதான். பிறகு மழை பொய்த்தது. போர்வெல் வற்றியது. வண்டு குடைந்து மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகு வெறும் களிமண் கிடந்தது. வெயிலில் கல், மழையில் பசை. அதற்கு ஆசைப்பட்டவர்கள் செங்கல் சூளைக்காரர்கள் மட்டும்தான். மண்ணை எடுத்துக்கொள்ளட்டும், கொடுத்துவிடலாம் என்றார் மகன்.

"ஒருக்காத் தென்னங்கன்னு வெச்சுப் பாக்கறேன் கண்ணு. புடிக்கலீன்னா உன்ற இஷ்டம்" என்றார் அக்கா. அன்று முதல் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

குழி எடுக்கக் கடப்பாரை பிடிக்கும் ஆட்கள் கிடைக்கவில்லை. பொக்லைன் ஏறினால் மண் இறுகிவிடும் என்று அதை ஒதுக்கினார். டிராக்டரின் பின்னால் மாட்டிச் சுழலும் குழி போடும் மிஷின்தான் மிச்சம். அந்த மிஷின் வைத்திருக்கும் இரண்டு பேரை வரவழைத்து, மிஷினுக்கு அடியில் குனிந்து, மண்ணை அறுக்கும் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். "பல்லு தேஞ்சு போச்சுங்க. கெழட்டு மாட்ட ஓட்டிட்டு வந்திருக்கறீங்க" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினார். இன்னொருவரின் மிஷினில் புதுப் பல். அதைப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, கோடைமழை ஒன்று விழுந்து மண் இளகட்டும் என்று காத்திருந்து குழி போட்டார்.

மாட்டுத் தரகரின் மகள் பல்லைப் பார்த்து ஏமாந்தது அங்கேதான். ஈரக் களிமண்ணில் கூர்மையான பல் சுழன்றதில் குழியின் சுவர் வழித்துப் பூசியதுபோல் ஆகிவிட்டது. பார்க்க அத்தனை அழகு. நானே பாராட்டினேன். மழைக்காலம் வந்ததும் ஒவ்வொரு குழியும் தண்ணீர் நிறைந்த பானையாக நின்றது. தண்ணீர் கீழேயும் இறங்கவில்லை, பக்கத்திலும் சுவறவில்லை. கன்றுகள் அழுகின. அழுகாத ஒன்றைப் பிடுங்கி அக்கா என்னிடம் காட்டினார். வேர் சுவரில் முட்டித் திரும்பி, உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது.

"பானைக்குள்ள வெச்சுக் கொன்னுபோட்டேன் தம்பி" என்றார். மச்சான் போனதற்குப் பிறகு அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன்.

அதே ஆண்டு அவர் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. "ஒருக்கான்னுதானம்மா சொன்னீங்க, போதும்" என்றார் மகன்.

"நான் மிஷினப் பாத்தேன், மண்ணப் பாக்கலீடா கண்ணு. இன்னொருக்கா" என்றார் அக்கா.

இம்முறை மண் பாதி காயட்டும் என்று விட்டார். கடப்பாரை வேலை தெரிந்த ஆறுச்சாமியையும் அவர் கூட்டாளிகளையும் கெஞ்சிக் கூட்டி வந்தார். அக்கா கெஞ்சுவார் என்பதே எங்களுக்குப் புதிது. பழைய குழிகளை அகலமாக்கி, சதுரமாக்கி, கடப்பாரை முனையால் சுவர் முழுவதும் கீறிவிடச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குக் குழி தூக்கிப் போடச் சொல்லி உட்கார்ந்திருப்பார். "சொவத்தக் கீறுங்க சாமி. வேருக்குப் புடி வேணுமல்ல" என்பதுதான் அவர் பேச்சு. வாந்தி வந்தால் திரும்பி எடுத்துவிட்டு மறுபடி அதையே சொல்வார்.

கிழக்குப் பாதியில் கன்று வைத்தாயிற்று. மேற்குப் பாதிக்கு அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காட்டி என்னிடம் சொன்னார்: "என்னைய இங்கயே வெச்சுருங்க தம்பி. அப்பறம் சூளைக்காரன் எப்பிடித் தோண்டறான்னு பாக்கறேன்."

ஐப்பசி மழையில் அக்கா போனார். காட்டிய இடத்தில் குழி வெட்ட ஆட்கள் இறங்கினார்கள். மண்வெட்டியில் ஒட்டிய மண் விழவில்லை. வேறு வழியில்லாமல் பொக்லைன் வந்தது. அதன் வாளி இழுத்த இழுப்பில் சுவர் வழவழவென்று ஆகி, உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. இறைத்தோம். அக்காவை எடுத்துவரச் சொன்ன நேரத்தில் ஆறுச்சாமி கடப்பாரையோடு குழிக்குள் இறங்கிச் சுவரைக் கீறத் தொடங்கினார்.

"ஏப்பா, இந்தக் குழிக்கு அது எதுக்கு? நேரமாவுதல்ல" என்றார் பெரியவர் ஒருவர்.

"இப்பிடி உட்டா அம்மா வைய்வாங்களுங்க" என்றார் ஆறுச்சாமி, தலையைத் தூக்காமல்.

மகன் இறங்கிப்போய்க் கடப்பாரையை வாங்கி மற்றப் பக்கங்களை அவரே கீறினார். பிறகுதான் அக்காவை இறக்கினோம்.

அத்தோடு மகன் சூளைக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. மேற்குப் பாதி அவர்களிடம் போய்விட்டது. இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அவருக்கும் இருக்கும்.

கிழக்கே கன்றுகள் பிடித்துவிட்டன. குருத்து விட்டு நிற்கின்றன.

அக்காவின் கடைசி மாதங்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டார், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்கள், சேற்றில் வண்டியை இறக்கிய பொக்லைன் ஓட்டுநர், ஆறுச்சாமி, அவர் கூட்டாளிகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்று சமாதி கும்பிடப் போகிறவர்கள் மேற்கு ஓரத்தில் நிற்க வேண்டாம். சூளைக்காரர்கள் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று கரை இடிந்துகொண்டிருக்கிறது. மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக, அக்கா இருக்கும் பக்கமாக இடிந்து வருகிறது.