ஞாயிறு நீங்கலாக மழை

காலையில் பசியாறும்போது கைத்தொலைபேசியைப் பார்த்து வானிலை வாசிப்பது என் வீட்டுக்காரரின் வேலை. ஈப்போவில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. "இன்னிக்கும் வெக்கைதான். மத்தியானத்துக்கு மேல பேராக் மாநிலத்துல ஒரு சில இடத்துல இடியோட மழை பெய்யலாம்" என்றார். அந்த ஒரு சில இடம் எது என்று போட்டிருக்காதா என்று கேட்டேன். "போட்டிருக்கே. நீ துணி காயப்போடுற இடம்லா" என்றார். இந்த மனுஷரோடு இத்தனை வருஷமாகக் காலம் தள்ளுகிறேன், பாருங்கள். மழை என்றாலே அவருக்கு என்னைச் சீண்டத் தோன்றிவிடும். எல்லாம் எங்கள் கல்யாணத்தால் வந்த வினை.

நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவருக்கு ஊர் தெலுக் இந்தான். கல்யாணம் நிச்சயமான வருஷம் இதே மாதிரி வெயில். ரப்பர் மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு நின்றது. லயம் என்று சொல்லும் எங்கள் வரிசை வீடுகளின் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. வாளியை வைத்துவிட்டு ஒரு சண்டை போட்டு முடித்துவிட்டு வரலாம், அதற்குள் பாதிகூட நிறைந்திருக்காது.

அப்பா இல்லாத வீடு. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் என்னையும் தங்கச்சியையும் வளர்த்தாள். இந்தக் கல்யாணம் ஒழுங்காக நடக்க வேண்டுமே என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து வருகிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு செம்மண் மேடு ஏற வேண்டும். மழை பெய்தால் அதில் ஆடுகூட வழுக்கும், பஸ் எங்கே ஏறுவது?

இந்த நேரம் பார்த்துத்தான் கோயில் தலைவர் மழை வேண்டி மாரியம்மனுக்குப் பூசை அறிவித்தார். அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, பூசைய ஒரு வாரம் தள்ளி வைங்களேன்."

"தங்கச்சி, உன் மக கல்யாணத்துக்குச் சோறாக்கவே தண்ணி வேணும்லா?"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் நல்ல மனுஷர், பதறிப்போனார். வெள்ளிக்கிழமை பூசையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊரே கேட்கும்படி வேண்டினார்: "ஆத்தா, மழையக் குடு. ஆனா ஞாயித்துக்கிழமைய மட்டும் விட்டுரு!" அம்மனுக்கே அட்டவணை போட்டுக் கொடுத்த ஆள் அவராகத்தான் இருப்பார்.

அம்மா அதோடு விடவில்லை. கல்யாணமாகாத பெண் மிளகாயையும் வெங்காயத்தையும் ஈர்க்குச்சியில் குத்தி மண்ணில் நட்டால் மழை ஓடிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. மலாய்க்காரர் கல்யாண வீட்டிலும் பார்த்திருக்கிறேன், யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டோமோ தெரியாது. தங்கச்சி பந்தலைச் சுற்றி வேலி மாதிரி நட்டுவிட்டாள். சாம்பாருக்கு வெங்காயம் பற்றாமல் சமையற்காரர் அதில் பாதியைப் பிடுங்கிப் போனது தனிக்கதை.

வெள்ளி பெய்யவில்லை, சனி பெய்யவில்லை. ஞாயிறு, நான் கூறைச்சேலையில் உட்கார்ந்திருக்கிறேன், வானம் கரிச்சட்டியாகிவிட்டது. ஓர் இடி. அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது. அம்மா வானத்தைத் திட்டவில்லை, அம்மனைத் திட்டவில்லை, நேரே என்னிடம் வந்தாள். "பச்சரிசிய அள்ளி அள்ளித் தின்னியே! தின்னா கல்யாணத்துக்கு மழ வரும்னு சொன்னேனா இல்லையா?" தின்றது உண்மைதான். ஆனால் அந்த மழைக்கு ஒரு மூட்டையாவது தின்றிருக்க வேண்டும்.

பஸ் மேட்டடியில் புதைந்துவிட்டது என்று சேதி வந்தது. அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மழை கொஞ்சம் கூடும். அவருடைய பெரியப்பா பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து நின்று, "சகுனம் சரியில்ல. திரும்பிப் போலாம்" என்றாராம். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. இன்று இவ்வளவு பேசுகிற வாய்!

முகூர்த்தம் தவறியிருந்தால் அம்மா அங்கேயே விழுந்திருப்பாள். வீட்டுக்கு வீடு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு, ரப்பர் பால் ஏற்றுகிற லோரியோடு மேட்டை இறங்கியவர் தலைவர்தான். தொப்பலாக நனைந்து பஸ் படியில் ஏறினார்.

"சகுனமா? இது நாங்க பூசை வச்சுக் கேட்டு வாங்குன மழங்க! இத்தன நாளா வராத மழைய உங்க மாப்பிள்ளதான் கூட்டிட்டு வாராரு. அவரைத் திருப்பி அனுப்புனா ஆத்தா எங்கள விட்டு வைப்பாளா?"

பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லோரியில் முதலில் ஏறியவரே அவர்தான். மேட்டில் லோரியும் திணற, லயத்து ஆட்கள் எல்லோரும் பின்னால் நின்று தள்ளினார்கள். பந்தலுக்கு வந்தபோது யார் வேட்டி வெள்ளை, யார் வேட்டி செம்மண் என்று தெரியவில்லை. மாப்பிள்ளைமேல் பன்னீர் வாசமில்லை, புளித்த ரப்பர் பால் நாற்றம். மூக்கைப் பிடிக்க முடியாமல்தான் தாலிக்குத் தலையைக் குனிந்தேன். எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள். பந்தல் ஒழுகியதில் சாம்பார் மட்டும் கடைசிப் பந்திவரை குறையவே இல்லை.

அந்தத் தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடு. லயம் இருந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது. அன்று லோரி தள்ளிய ஆட்கள் ஜெலாப்பாங் தொழிற்சாலை, கோலாலம்பூர் என்று சிதறிப்போனார்கள். தலைவர் தன் பிள்ளையின் அடுக்குமாடி வீட்டில் இருந்தபோது காலமானார் என்று கேள்விப்பட்டேன், அதுவும் தாமதமாகத்தான்.

போன வருஷம் என் மகள் கல்யாணம் ஈப்போவில், குளுகுளு மண்டபத்தில் நடந்தது. ஒரு குறையும் இல்லை. விருந்து முடிந்து வெளியே வந்தால் கார் நிறுத்துமிடமெல்லாம் தண்ணீர், ஒரு மரக்கிளைகூட முறிந்து கிடந்தது. "எப்பப்பா பெஞ்சுச்சு?" என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டேன். எனக்கு என்னவோ அழுகை வந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் மழை பெய்தது தெரியவில்லை.