தேங்காய் எண்ணெய் குடித்த ரேடியோ

பேராவூரணிப் பக்கம் எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீலுக்கு, தையல் மெஷினுக்கு, சைக்கிள் செயினுக்கு, கடைசியில் ரேடியோவுக்கும். குமிழ் கரகரவென்றால் இடுக்கில் இரண்டு சொட்டு விடுவார்கள். சத்தம் நின்றதும் தங்களை இன்ஜினீயர் என்றே நினைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணெயோ உள்ளே போய்த் தூசியைச் சேர்த்துக்கொண்டு, நாள்பட நாள்படப் பிசினாகி, பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றி வைக்கும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். மார்கழி பிறந்ததும் ஹாஃபிஸாவின் கடைக்குப் பழைய ரேடியோக்கள் வரிசை கட்டி வருவது அதனால்தான்.

கடை அவள் கணவர் சுஹைபுடையது. ரியாத்தில் பல வருஷம் டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவர், ஊர் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டார். கடை தலையெடுக்கும் நேரத்தில் கை நடுக்கம் வந்தது. டாக்டர் நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். நடுக்கம் மாத்திரைக்கு அசரவில்லை. கடையை மூடிவிடலாம் என்று அவர் சொன்ன அன்று ஹாஃபிஸா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணும் காதும் நல்லாத்தானே இருக்கு? கைக்கு நான் இருக்கேன். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. முதலில் "பாய் இல்லையா?" என்று அவளைத் தாண்டி எட்டிப் பார்த்த ஆட்கள், இப்போது சுஹைப் மட்டும் இருந்தால் "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்றால் பொய். ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவள் வாய் தானாக அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும். இந்த வேலை தனக்குக் கிடைத்ததை அவள் இன்னும் ஒரு கொடையாகத்தான் நினைக்கிறாள்.

அப்படி ஒரு மார்கழிக் காலையில் அமிர்தம் ஒரு மேசை ரேடியோவைப் பழந்துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தெற்கே ஒரு கிராமத்தில் நெல்லும் தென்னையுமாக விவசாயக் குடும்பம். கணவர் நடராசனுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன.

"தொட்டுப் பாத்தே எல்லாம் பண்ணுவாரு தங்கச்சி. திருச்சி ஸ்டேஷன வச்சு, மழை எப்ப, பூச்சிக்கு என்ன மருந்துன்னு கேட்டு எனக்குச் சொல்லுவாரு. சிங்கப்பூர்லேர்ந்து மவன் புதுசு ஒண்ணு அனுப்பிச்சான். தடவுனா பாடுமாம். அத எங்க தடவுறதுன்னு அவருக்குத் தெரியல. 'ஒவ்வொண்ணுக்கும் ஒன்னயக் கூப்புடணுமா, வேணாம்'னு ஒதுக்கி வச்சிட்டாரு. இப்ப இதுவும் நின்னு போச்சு. மொவத்த சொவத்துப் பக்கம் திருப்பிட்டுப் படுத்துக் கெடக்காரு. வுட்டுட்டு வயலுக்குப் போவவே பயமாருக்கு."

ஹாஃபிஸா பின்மூடியைக் கழற்றினாள். குப்பென்று காறல் எண்ணெய் வாடை அடித்தது. அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் ஊத்துனேன். கொமுழு சத்தம் போடுதேன்னு. நானே கெடுத்துட்டேனா?"

"யாருதான் ஊத்தல? பயப்படாதீங்கக்கா."

"புளி போட்டுத் தேச்சா போயிருமா?"

சுஹைப் சிரித்துவிட்டார். "குத்துவிளக்குன்னா போவும்க்கா. இதுல மேல வெள்ளிய மெல்லிசா ஒரு ஏடு மாதிரிதான் பூசியிருக்கு. புளி பட்டா அதுவும் சேந்து போயிரும்."

ஹாஃபிஸா அந்த ஏட்டுக்குப் பயந்துதான் உப்புத்தாளையும் கிட்டே சேர்ப்பதில்லை. தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து, அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சின் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நாக்குகளுக்கு நடுவே வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டிச் செருகி மெல்ல இழுத்தாள். தாள் பச்சையும் கறுப்புமாக வந்தது. அது வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. சுவிட்சை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகித் திருகிப் பார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி சுத்தம் அவளுக்குப் பிடிக்காது. ஸ்டேஷன் பிடிக்கும் குமிழையும் கழற்றி, அதன் தண்டில் திரண்டிருந்த பிசினைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கிவிட்டாள்.

"சொவிச்ச தொடைக்கச் சொன்னா ரேடியோவையே குளுப்பாட்டிட்டா" என்றார் சுஹைப். அமிர்தம் கும்பிட்டுவிட்டு வாங்கிப் போனாள்.

பொங்கல் கழிந்து அவள் மறுபடியும் வந்தாள், வெறுங்கையோடு.

"ரேடியோ நல்லாத்தான் பாடுது. அவருதான் தொட மாட்டேங்குறாரு. தொட்டா எது எங்க இருக்குன்னு அவருக்கே தெரியலையாம். நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

ஹாஃபிஸாவுக்குச் சுருக்கென்றது. வேலையில் குறை வைத்தோமா? சுஹைபைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரில் அமிர்தத்தின் வீட்டுக்கே போய்விட்டாள். வழி நெடுக நெல் சாய்ந்து பழுத்துக் கிடந்தது. நடராசன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு தடவ திருப்பிக் காட்டுங்க."

அவர் கை குமிழுக்குப் போனது. வெண்ணெயில் போவது போல் ஒரே ஓட்டமாக ஓடி மறுகோடியில் போய் நின்றது. திருச்சி எங்கேயோ நடுவில் கீச்சென்று வந்து போய்விட்டது.

"முன்னல்லாம் ஓரெடத்துல லேசா இடிக்கும்மா. அங்க கைய எடுத்துட்டா திருச்சி. இப்ப எல்லா எடமும் ஒண்ணாருக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தன் கைதான் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஹாஃபிஸா குமிழைக் கழற்றி, வழவழவென்றிருந்த தண்டை விரலால் தடவிப் பார்த்தாள். குமிழ் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்றதால் பிசின் அங்கே மேடு கட்டியிருந்தது. அமிர்தம் விட்ட எண்ணெய்தான் அவருக்கு வழிகாட்டி. சுரண்டி எடுத்தவள் அவள்.

"ஒங்க கை மறக்கலண்ணே. நாந்தான் அதத் தொடச்சு எறிஞ்சுட்டேன். எப்புடி இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

தண்டில் கெட்டி கிரீஸைத் தடவினாள். "இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார் நடராசன். தடவினாள். சுஹைப் காதைச் சாய்த்துக் கேட்டு, திருச்சி தெளிவாக விழும் புள்ளியைச் சொன்னார். பழைய சுவிட்சு ஒன்றின் பித்தளை நாக்கை வளைத்து, அந்தப் புள்ளியில் குமிழ் தட்டும்படி அடியில் பொருத்தினாள். "ரொம்ப இடிக்குது." வளைவைக் குறைத்தாள். "பத்தல." கூட்டினாள். கண்ணில்லாதவர் சொல்ல, கை நடுங்குகிறவர் சொல்ல, நடுவில் அவள் இரண்டு கைகள். இப்படி ஒரு இடத்தில் தன்னை உட்கார வைத்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் கலங்கியதை முந்தானையில் ஒற்றிக்கொண்டாள்.

நடராசன் குமிழைக் கோடி வரை கொண்டுபோனார். திரும்ப வந்தார். கை ஓரிடத்தில் நின்றது. திருச்சி அறைக்குள் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடம். அடுப்பில் டீக்கு வைத்த அமிர்தம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானிலை சொன்னார்கள். அவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கடைசி வரை கேட்டார்.

"அமிர்தம், மழ இல்லையாம். மிஷினுக்குச் சொல்லிவுடு, அறுத்துருவோம். நீ கெளம்பு."

"நீங்க?"

"எனக்கென்ன? நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீ போ."

 அமிர்தம் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கி வயலைப் பார்க்க நடந்தாள். வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவும் தோன்றவில்லை அவளுக்கு. அடுப்பில் டீ பொங்கியது. ஹாஃபிஸா உள்ளே போய் அதை இறக்கி, மூன்று தம்ளர்களில் ஊற்றி, முதல் தம்ளரை நடராசன் கையில் கொடுத்தாள்.