மிளகு, கதவு, குதிரை, சோப்பு, ஆணி

அன்பரசியின் பெயரில் இருக்கிற அன்பு வாயில் வராது என்பது கூடுவாஞ்சேரி கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்துநாலு வயது பிசியோதெரபிஸ்ட். முட்டிவலி என்று வந்து உட்காருகிற பெரியவர்களை, "நடக்காம வூட்லயே குந்திகினு இருந்தா முட்டி இன்னா பண்ணும்?" என்று அதட்டியே நடக்கவைத்துவிடுவாள். அவளுடைய அப்பா வரதன் அணுபுரத்தில் தோட்டவேலை பார்த்து அவளைப் படிக்கவைத்தவர். அவளுக்குப் பிழைப்பு கிளினிக்கில் என்றாலும் மனசு முழுக்கக் கபடியில். ஞாயிறானால் இரண்டு பஸ் மாறிக் கடப்பாக்கம் போய்விடுவாள். அங்கே பெண்கள் கபடி அணிக்கு அவள்தான் சம்பளமில்லாத வைத்தியர்.

கபடியில் கால் சுளுக்கினால் ஊரே கூடி நின்று பார்க்கும். தலையில் அடிபட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. ரத்தம் வராது, வீங்காது, ஸ்கேனில்கூடப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூளை மட்டும் உள்ளே குலுங்கிப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வைக்க வேண்டும். ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்ல வேண்டும். அடிபடும் முன்பே எல்லோருக்கும் ஒருமுறை செய்து மார்க் குறித்து வைத்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. தமிழுக்கான ஐந்து சொற்களை அன்பரசியே தேர்ந்தாள்: மிளகு, கதவு, குதிரை, சோப்பு, ஆணி. ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத சொற்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்த ஒரே பட்டியலை வைத்து அணியில் எல்லோரையும் சோதித்தாள். மாற்றி மாற்றிக் கேட்க நாலைந்து பட்டியலாவது வைத்திருக்க வேண்டும் என்பது தெரியும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சோம்பல்தான், வேறென்ன.

அணியில் எதிர்ப்பக்கம் பாடிப்போகிற ரைடில் கெட்டிக்காரி கவியா. வயது பத்தொன்பது, அம்மாவுக்கு இறால் கம்பெனியில் வேலை. மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். மாநில அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போட்டியிடலாம். அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டத்தில் விழுந்து தலை தரையில் மோதியது. அன்பரசி ஒரு வாரம் ஓய்வில் வைத்துவிட்டுப் பரிசோதித்தாள்.

"தல வலிக்குதா?"

"இல்லக்கா."

"கிர்ருனு கீதா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா."

கண்ணை மூடி நின்றபோது கவியா லேசாக ஆடினாள். கணுக்காலில் கட்டு இருந்ததால் அப்படி என்று அன்பரசி நினைத்துக்கொண்டாள். ஐந்து சொற்களும் கடகடவென்று வந்தன. பயிற்சிக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள். தேர்வில் ஆட உடல் தகுதி இருக்கிறது என்ற லெட்டரை அடுத்த ஞாயிறு தருவதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிறு அவள் போனபோது மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. லோகநாயகி என்ற பெண் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனாள். கபடி கபடி என்று கேட்க வேண்டிய பாட்டு வேறுமாதிரி கேட்டது.

"மிளகு கதவு குதிரை சோப்பு ஆணி, மிளகு கதவு குதிரை சோப்பு ஆணி..."

அன்பரசி கோட்டருகே ஓடினாள்.

"இன்னாடி பாடிகினு கீற?"

"உங்க வார்த்தைங்கதான்க்கா," என்று சிரித்தாள் லோகநாயகி. "டீம்ல எல்லாரும் இத்ததான் பாடுறோம். தூக்கத்துல கேட்டாகூட வரும். தலைல அடிபட்டா ஃபெயில் ஆவமாட்டோம்ல?"

யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பரீட்சை என்றால் மனப்பாடம் என்று பள்ளிக்கூடம் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதில் அன்பரசிக்குச் சந்தேகமே இல்லை. தன்மேல்தான்.

கவியாவைக் கூப்பிட அவள் திரும்புவதற்குள் கவியா ரைடு போயிருந்தாள். நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். ஒருத்தியின் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்தது. கவியா எழுந்தாள், மண்ணைத் தட்டிவிட்டாள், தன் பக்கம் திரும்பாமல் எதிரணிக்காரிகளோடு போய் நின்றுகொண்டாள்.

அன்பரசி அவளை வெளியே உட்காரவைத்துப் புதிதாக ஐந்து சொற்களைச் சொன்னாள். குடம், நரி, ஊசி, பாலம், வெல்லம். ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டாள்.

"மிளகு, கதவு, குதிரை, சோப்பு, ஆணி," என்றாள் கவியா நிதானமாக. "கரெக்டாக்கா?"

கோச் ஜெயக்குமார் பக்கத்தில் வந்து நின்றார். "வர்ற சனிக்கெழம செலக்சன் மேடம். அதுக்குள்ள சரியாய்டும்ல?"

"மொதல்ல வண்டிய எடுங்க சார். உள்ள ரத்தம் கசியுதான்னு செங்கல்பட்டுல ஸ்கேன் பாக்கணும்."

ஜெயக்குமாரின் காரில் கவியா பின்சீட்டில் அன்பரசியின் தோளில் சாய்ந்திருந்தாள். செய்யூர் தாண்டியதும் கேட்டாள். "அக்கா, செலக்சன் லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"இல்ல கவியா. குடுக்க முடியாது. நீ இப்ப ஆடக்கூடாது."

கவியா கதறினாள். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று அன்பரசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மதுராந்தகம் வருவதற்குள் முகம் தெளிந்துவிட்டது.

"அக்கா, செலக்சன் லெட்டர் குடுத்துட்டீங்களா?"

ஜெயக்குமார் வண்டியை ஓட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "குடுத்தாச்சுன்னு சொல்லுங்க மேடம். எப்டியும் மறந்துடுவா."

அன்பரசிக்கும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஏற்கெனவே இந்தப் பெண்ணுக்கு ஒரு தப்பான கையெழுத்துப் போட்டாயிற்று.

"இல்ல கவியா," என்றாள். "குடுக்கல."

கவியா அதை முதல் தடவை கேட்கிறவளாகவே கதறினாள்.