மணிக்கட்டு வரைக்கும்

வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஒரு போட்டோக்காரரை எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். கல்யாணப் படம் எடுப்பவர் இல்லை. சோப்பு, டார்ச் லைட், பிஸ்கட் டப்பா என்று விளம்பரத்துக்குச் சாமான்களைப் படம் பிடித்தே முப்பது வருஷம் ஓட்டியவர். நாக்கு குழறினாலும் வாய்த்துடுக்கு குறையவில்லை. சாப்பாடு ஊட்டினால், "நர்சம்மா, வெளிச்சத்தை மறைக்காம ஊட்டுங்க" என்பார்.

ஆரம்ப வருஷப் படங்களில் சாமானைப் பிடித்திருப்பது ஒரே கை. அவர் மனைவியுடையது. வேறு ஆள் வைக்க வசதியில்லை. மணிக்கட்டோடு நிறுத்திவிடுவார். முகம் தெரிந்தால் பார்க்கிறவர் கண் சோப்புக்குப் போகாதாம். மகளுக்கு இரண்டு வயதில் அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டார். பின்னால் வந்த வெள்ளத்தில் வீட்டு ஆல்பம் கூழாகிவிட்டது. மாடியிலிருந்த தொழில் நெகட்டிவ்கள்தான் தப்பின.

மகளுக்கு இப்போது நாற்பது. அம்மா முகம் தெரியாது. அப்பா இருக்கும்போதே தேடிவிட வேண்டுமென்று பெட்டிகளை இறக்கினாள்.

"ஒண்ணுலகூடவா முகம் விழலை? அம்மாவை என்ன சாமான் ஸ்டாண்டுன்னு நெனச்சீங்களாப்பா?"

"அவளே அப்படித்தான் கேலி பண்ணுவா."

நான்காம் நாள் அவரே சொன்னார்: "கெட்டில் படத்தை எடும்மா. பளபளன்னு இருக்கும். அதுல அவ முகம் தெரியுதுன்னு கம்பெனிக்காரன் கத்தினான்."

திட்டு வாங்கியது ஞாபகம் இருந்தது. அப்புறம் என்ன செய்தார் என்பது இல்லை.

உள்ளங்கை அகல நெகட்டிவ். ஜன்னலுக்கு நேரே நான் பிடித்தேன். நல்ல கையால் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கெட்டிலின் வயிற்றில் முகம் இருந்த இடம் பிளேடு நுனியால் சுரண்டப்பட்டிருந்தது. நெற்றி முடிகூட மிச்சமில்லை.

"பாத்தியா என் கைவேலையை," என்றார் மகளிடம். "பிரிண்ட் போட்டா ஒரு கீறல் தெரியுமா? எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

மகள் பூதக்கண்ணாடியை வாங்கிக் கீழே வைத்தாள். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"போகட்டும்ப்பா," என்று அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "வாயால சொல்லுங்க. மூக்கு எப்படி இருக்கும்?"

கண்ணை மூடினார். "சுண்டுவிரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும். கட்டைவிரல்ல ஒரு தழும்பு..."

"மூக்குப்பா."

கண்ணைத் திறந்தார். "வரலைம்மா."

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அந்த நேரம் தாண்டியிருந்தது. மகள் பக்கமாகத் திருப்பப் போனேன். வேண்டாமென்று சுவரைக் காட்டினார். அந்தப் பக்கமே திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன்.