ஜரிகை வெச்ச ஏரோப்ளேன்

அறுபத்தஞ்சு சண்டையில குண்டுக்குப் பயந்து பம்பாய் முழுக்க ஜன்னல் கண்ணாடியில கறுப்புக் காகிதம் ஒட்டுனோமே, அந்த வருஷம். காகிதத்தைக் கிழிச்ச பசை விரல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே நவராத்திரி வந்துட்டு.

அது இப்ப எதுக்கு ஞாபகம் வந்துச்சுன்னா... போன வாரம் கிங்ஸ் சர்க்கிள்ல ஒரு பொம்மைக் கடைக்குள்ள நுழைஞ்சேன். வாங்குறதுக்கு இல்ல. வெளிய வெயில், உள்ள ஏசி. அங்க ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்குது. அதுக்குள்ள வட்டம் வட்டமா ஸ்டிக்கர். சிவப்பு வளையம், நடுவுல வெள்ளை, வெள்ளையில ஒரு பச்சை மரம்.

"இது என்னய்யா?"

"மாடல் ஜெட்டுக்கு ஒட்டுறது அங்கிள். லெபனான் ஏர்ஃபோர்ஸ். சின்ன நாட்டு ஸ்டிக்கர் எல்லாம் பிளேன் டப்பாவுல வராது. தனியா வாங்கி ஒட்டணும்."

"ஜரிகை இல்லியே?"

"க்யா?"

"மரத்தைச் சுத்தி ஜரிகைக் கரை இருக்கணும்லா?"

கடைக்காரர் பாத்த பார்வை இருக்கே... விட்டா ஏசியை அணைச்சிருப்பாரு. வெளிய வந்துட்டேன்.

ஆனா நான் சொன்னதுல தப்பு இல்ல. நான் பாத்த லெபனான் ஏரோப்ளேன்ல ஜரிகை இருந்துச்சு!

அப்ப நான் தாராவியில இருந்துக்கிட்டு மாட்டுங்கா வீடுகளுக்கு வாழை இலை போட்டுக்கிட்டு இருந்தேன். இலைன்னா லேசுப்பட்ட விஷயமா? கிழிஞ்ச இலையைக் கொடுத்துட்டா ரசம் இந்தப் பக்கம் ஓடும், மாமி நம்மளப் பாத்து ஓடி வருவாவ. ஒரு தடவை அப்படித்தான், ஒரு கல்யாண வீட்டுல... சரி, அது வேற கதை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கிட்டு இருக்கிற தம்பி பேனாவைக் கீழ வெச்சுட்டான்.

கோமு மாமி வீடு ரெண்டாவது மாடி. அவுக வீட்டுக்காரர் ராமு சார், கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீஸ். நல்ல மனுஷன். ஒரே ஒரு பைத்தியம் — பிளாஸ்டிக் ஏரோப்ளேன். சீமையில இருந்து டப்பாவுல துண்டு துண்டா வரும். அதைச் சாப்பாட்டு மேஜையில பரத்தி வெச்சு, சாமணத்தால பிடிச்சுப் பிடிச்சு ஒட்டுவாரு. வீடெல்லாம் பசை நாத்தம். "எங்காத்து சாம்பார்ல பெருங்காயம் மணக்காது சுடலை, பிளேன்தான் மணக்கும்"னு சொல்லுவாவ மாமி.

அந்த வருஷம் சார் பண்ணினது ஹன்டர். நம்ம ஏர்ஃபோர்ஸ்லயும் பறந்த ஜெட். மாசக்கணக்கா உக்காந்து பண்ணியிருந்தாரு. அதைக் கொலுவில வெக்கணும்னு அவருக்கு ஆசை.

மாமிக்கு ஒரே தம்பி, பேரு மணி. ஏர்ஃபோர்ஸ்ல வடக்க எங்கயோ இருந்தான். சண்டை நின்னாச்சு, அவன்கிட்ட இருந்து ஒரு சேதியும் இல்ல. மார்க்கெட்ல ஆளாளுக்கு, "பைலட் மணி எப்படி இருக்கான் மாமி?"ம்பாவ. "நன்னா இருக்கான்"னு மாமி சிரிப்பாவ. வீட்டுக்கு வந்து பால்கனியில நின்னு ஆகாசத்தையே பாப்பாவ. நானே பாத்திருக்கேன்.

அன்னிக்கு நான் இலைக்கட்டோட வாசல்ல நிக்குதேன், உள்ள வாக்குவாதம்.

"நம்ம நாட்டு வட்டத்தைப் போட்டு வெச்சேள்னா, வரவா எல்லாரும் 'இதான் உன் தம்பி ஓட்டற பிளேனா'ன்னு கண்ணு போடுவா. அவன் வந்து சேரட்டும்னா. அதுவரைக்கும் வேண்டாம்!"

"சரி, டப்பாவோட வந்த இங்கிலீஷ்காரன் வட்டம் இருக்கு. அதை ஒட்டிடறேன்."

"கஷ்டப்பட்டு அனுப்பி வெச்ச வெள்ளைக்காரனை மறுபடி கொலுப்படியில ஏத்தணுமா?"

"பின்ன எந்த நாட்டைத்தாண்டி வெக்கறது?"

"யாரோடயும் சண்டை போடாத நாடாப் பாருங்கோ."

சார் ஒரு புஸ்தகத்தை எடுத்தாரு. உலகத்துல உள்ள விமானப்படை அடையாளம் எல்லாம் அதுல கலர் கலரா இருந்துச்சு. மாமி கண்ணாடியை மாட்டிக்கிட்டு உக்காந்தாவ. என்னமோ தம்பிக்கு ஜாதகம் பாக்குற மாதிரி.

"இது?"

"முக்கோணம். குத்தற மாதிரி இருக்கு."

"இது?"

"கழுகா? மூஞ்சியைப் பாருங்கோ. குழந்தைகள் பயந்துக்கும்."

"இது? லெபனான். சின்ன நாடு. அவாகிட்டயும் ஹன்டர் இருக்கு."

மாமி குனிஞ்சு பாத்தாவ. "மரமா அது? மரம் யார் வம்புக்கும் போகாது. இதையே வெச்சுக்கலாம்."

முடிஞ்சுது நிச்சயதார்த்தம். பின்னால அந்த நாடு பட்ட பாட்டை அப்ப யாரு கண்டா?

ஆனா அந்த வட்டத்துக்கு எங்க போறது? மாமி என் பக்கம் திரும்புனாவ. "ஏன் சுடலை, உங்க தாராவில டிரங்குப் பெட்டிக்குப் பூ ஒட்டறாளே, அவா பண்ணித் தருவாளோ?"

இருக்காரே நம்ம காதர் பாய், கடையநல்லூர்க்காரர்! டிரங்குப் பெட்டிக்கும் தையல் மெஷினுக்கும் பூவு, மயிலு, அன்னம் எல்லாம் பசைக் காகிதத்துல போட்டு வெச்சிருப்பாரு. தண்ணியில முக்குனா காகிதம் தனி, பூ தனி. அப்படியே வழுக்கிப் பெட்டியில உக்காந்துக்கிடும். மேல ஒரு கை வார்னிஷ்.

சார் வரைஞ்ச படத்தை அவர்கிட்ட நீட்டுனேன். சட்டைப் பொத்தான் அளவு.

"என்னவே சுடல, கொசு எதுவும் டிரங்குப் பெட்டி வாங்கியிருக்கோ?"

"ஏரோப்ளேனுக்கு பாய். மாமி வீட்டுக் கொலுவுக்கு."

"கொலுவுக்கா? அதை முதல்லயே சொல்லாண்டாமா? அப்ப நல்லாப் பண்ணணும்லா!"

அந்த 'நல்லா'லதான் வினை.

கொலுவுக்கு முந்தின நாள் கொண்டு போயிக் கொடுத்தேன். சார் தட்டுல தண்ணி வெச்சு, ஒரு வட்டத்தை முக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறக்கையில நகத்துனாரு. விளக்குல காட்டுனா... மரத்தைச் சுத்திப் பளபளன்னு தங்கக் கரை!

"சுடலை! என்னய்யா இது?"

"கரை சார். கரை இல்லாம பாய் கையில இருந்து ஒண்ணும் வெளிய வராது. தையல் மெஷின்ல பாத்ததில்லையா?"

"இது போர் விமானம்யா! போர் விமானத்துக்கு எவனாவது ஜரிகை வெப்பானா?"

மாமி அடுப்படியில இருந்து கரண்டியோட வந்தாவ. பாத்தாவ. எத்தனையோ நாள் கழிச்சு அன்னிக்குத்தான் அவுக முகத்துல நிஜமான சிரிப்பு.

"ஜரிகை கட்டிண்டு யாராவது சண்டைக்குப் போவாளா? இது கல்யாணத்துக்குப் போற பிளேன்னா. வைங்கோ!"

செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவுல ஹன்டர் ஏறி உக்காந்துட்டு. வந்தவுக எல்லாம், "வேப்பமரமா மாமி?"ன்னு கேட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாவ. தம்பியைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலை. ராமு சார் மட்டும் ஒவ்வொரு தடவையும், "அது லெபனான்..."னு ஆரம்பிப்பாரு. யாரு கேக்கா? கையில சுண்டல் இருக்குல்லா.

விஜயதசமி சாயங்காலம். வீடு நிறைய பொம்பளையாளுக. நான் பழத்தாரை இறக்கி வெச்சுட்டு நிமிருதேன், வாசல்ல யூனிஃபார்மோட ஒருத்தன். மணி!

மாமி ஆரத்தித் தட்டை யார் கையிலயோ திணிச்சுட்டு ஓடுனாவ. "பைலட் வந்தாச்சு, பைலட் வந்தாச்சு"ன்னு ஒரே சத்தம். அவனைக் கண்ணீர் துடைக்கக் கூட விடாம சார் கொலுவுக்கு இழுத்துட்டுப் போனாரு.

"எப்படிடா இருக்கு?"

மணி குத்த வெச்சு உக்காந்தான். மரத்தைப் பாக்கலை. ஜரிகையைப் பாக்கலை. சக்கரத்தை விரலால தொட்டான்.

"அத்திம்பேர், முன் டயரைக் கோணலா ஒட்டியிருக்கேள்."

"இவ்வளவு இருக்கு, உனக்கு டயர்தான் கண்ணுல படறதா?"

"எனக்கு வேலையே அதுதானே. டயர் மாத்தறது, பிரேக் பாக்கறது."

ஒரு மாமிக்கு வாய்கிட்டப் போன சுண்டல் அங்கயே நின்னு போச்சு.

"நீ... ஓட்டறதில்லையாடா?"

"யார் அக்கா சொன்னா ஓட்டறேன்னு? ஏர்ஃபோர்ஸ்ல வேலைன்னுதானே சொன்னேன்."

மானம் போச்சேன்னு மாமி சத்தம் போடுவாவன்னு நெனச்சேன். அவுக தம்பி கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சாவ.

"தரையிலயா இருந்தே? அடப்பாவி... நான் இத்தனை நாளா ஆகாசத்தையே பாத்துண்டு நின்னேனேடா!"

சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துட்டு.

கொலு முடியுற விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெக்கிறது வழக்கம். எப்பவும் மரப்பாச்சிதான். அன்னிக்கு மாமி கை நேரா ஏரோப்ளேனுக்குப் போச்சு. "பறந்தது போறும். தூங்கு"ன்னு அதை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாவ. "இறக்கை உடையும்டி!"ன்னு சார் ஓடி வந்து, கர்சீப்பை மடிச்சு அடியில கொடுத்தாரு.

நான் கிளம்பும்போது மணி கீழ வரைக்கும் வந்தான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்கோண்ணே. குண்டு தரையிலதான் விழும்."

சொல்லிட்டுச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

மாமி இருந்த வரைக்கும் நான் சொல்லலை.

நீங்க எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். உங்களுக்குத் தெரிஞ்ச கொலு வீட்டுல ஏரோப்ளேன், டாங்கி, பீரங்கின்னு எது இருந்தாலும் இதைச் சொல்லிருங்க. கடைசி நாள் மரப்பாச்சியைத் தேட வேண்டாம். அது பாவம், வருஷம் பூரா பெட்டிக்குள்ள தூங்குது. முதல்ல இதுகளைப் படுக்க வெக்கச் சொல்லுங்க.

அடியில ஒரு கர்சீப் கொடுக்கவும் சொல்லுங்க.