நந்து என்று ஒரு போன்

எங்கள் ஊரில் உச்சிவேளையில் பேய் இருக்கும் என்று புளியமரத்தடியில் யாரும் நிற்க மாட்டார்கள், நான் அங்கேதான் கட்டிலைப் போட்டுத் தூங்குவேன். விசைத்தறி ஓட்டுகிறவன் நான். இருபது வருடமாகத் தறிக்குடோனுக்குள் கிடக்கிறேன், தறி நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெல்ட் தேய்ந்திருக்கும் இல்லை மோட்டார் புகைந்திருக்கும், காரணம் இல்லாமல் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. பேயைப் பார்த்தேன் என்று எவனாவது வந்தால் நேற்று எவ்வளவு குடித்தாய் என்று கேட்டு அனுப்பிவிடுவேன். நீங்களும் என்னை அப்படிக் கேட்கலாம், கோபப்பட மாட்டேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பெற்ற வயிறு எரிந்து ஒருத்தன் புலம்புகிறான் என்று விட்டுவிடுங்கள்.

சாமளாபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு, பக்கத்திலேயே தறிக்குடோன். எங்களுக்கு ஒரே பெண், நந்தினி. நந்து என்று கூப்பிடுவோம். படித்து முடித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று இளைத்து வருவாள். அவள் ஆபீசில் ஒரு ஏற்பாடு இருந்தது. வீட்டில் நெட் நல்ல வேகத்தில் இருக்கிறது என்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு அந்தப் படத்தை அனுப்பினால் போதும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறு வரை, சனி ஞாயிறு லீவு. நெட் மட்டும் வரட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எந்த சிம் எடுக்கும் என்று ஒவ்வொரு சிம்மாக வாங்கிப் பார்த்தேன். கூரைமேல் கம்பி நட்டு சிக்னல் பிடிக்க ஒரு டப்பாவைக் கட்டினார்கள், அது காற்றடித்தால் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். போன் பேசுவதற்கே குடோன் மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஏறி நிற்க வேண்டும், இதில் கம்ப்யூட்டர் வேலை எங்கே நடக்கும். கடைசியில் ஃபைபர் கேபிள் ஒன்றுதான் வழி என்றார்கள். அதற்கும் ரோட்டிலிருந்து மூன்று கம்பம் நட வேண்டும், மூன்றும் என் பங்காளி துரைசாமி அண்ணன் காட்டு நிலத்தில் விழுந்தது. என் பெரியப்பா மகன்தான், நந்துவுக்குப் பெரியப்பா முறை. வாய்க்கால் தகராறில் நாங்கள் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

"பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா" என்று நந்து நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நாளைக்குக் கேட்கிறேன் என்பேன். கேட்கவில்லை. அவன் வாசலில் போய் நிற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த வீம்பை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நந்து கூப்பிட்டாள், தொட்டிமேல் ஏறினேன். கீழே எட்டுத் தறியும் ஓடுகிறது, மேலே சிக்னல் விட்டு விட்டு வருகிறது. அப்பா என்றாள், அப்புறம் என்னவோ சொன்னாள், கரகரவென்று போனது. கடைசியாக ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

"வர்றேனுங்கப்பா."

எங்கள் பக்கம் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டோம், அது அபசகுனம். கிளம்பும்போதும் வர்றேனுங்க என்பதுதான், போனை வைக்கும்போதும் அதேதான். அதனால் பேசி முடித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரி, "செரி கண்ணு, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் ஆபீசில் மயங்கி விழுந்தாள். டெங்கு. தகவல் வந்ததும் நானும் என் வீட்டுக்காரி சரஸ்வதியும் கார் பிடித்தோம், சேலம் தாண்டும்போது போன் வந்தது. இனி அவசரமாக வர வேண்டாம், நிதானமாக வாருங்கள் என்றார்கள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை அவளோடு அறையில் இருந்த பெண்தான் எனக்குச் சொன்னது. சொல்லாமலே இருந்திருக்கலாம், பாவம், அதற்கும் மனசு தாங்கவில்லை. "நாலு நாளாக் காய்ச்சலுங்கப்பா, முடியல, நான் ஊட்டுக்கு வர்றேனுங்கப்பா" என்று நந்து சொல்லியிருக்கிறாள். போனை வைத்துவிட்டு, அப்பா வேலைக்குப் போயிட்டு அப்புறம் வரச் சொல்லிட்டாரு என்று சொல்லி, எழுந்து உட்கார்ந்து மறுநாளைக்குச் சுடிதாரை இஸ்திரி போட்டிருக்கிறாள்.

துரைசாமி அண்ணன் எழவுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பத்த எங் காட்டுலயே நட்டிருக்கலாமல்லடா. ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா" என்றார். நான் அவர் தோளில் விழுந்து அழுதேன்.

ஒரு மாதம் கழித்து அவரே கேபிள்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து கம்பம் நட்டார். இனி யாருக்கு நெட் என்றுதான் எனக்கு இருந்தது. சரஸ்வதிதான், "அவ கேட்டதுங்க, வரட்டும்" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் நெட் பெட்டியை மாட்ட ஆள் வந்தார், நாற்பது வயது இருக்கும், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்தே பத்து நாள்தான் ஆகிறது என்றார். எங்களுக்கு ஒரு பெண் இருந்ததே அவருக்குத் தெரியாது. அவள் படத்தைக்கூட நாங்கள் இன்னும் மாலை போட்டு மாட்டவில்லை, மாட்ட மனசு வரவில்லை.

பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். எங்கள் அப்பா காலத்து மாட்டின் பேரையும் ஒரு எண்ணையும் போட்டேன், அது சரஸ்வதிக்கே தெரியாது. அவர் போனுக்கும் நானே அடித்துக் கொடுத்தேன். யார் யார் போன் இந்த நெட்டில் சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றை என் போனில் ஏற்றினார். சரஸ்வதி வைத்திருப்பது பட்டன் போன், ஆக இரண்டு பேர்தான் இருக்க வேண்டும், என்னுடையதும் அவருடையதும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி, நந்துங்கிறது யாரு? வீட்ல வேற போன் இருக்கா?"

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் நந்து என்று மூன்றாவதாக ஒரு பேர். அவள் தன் போனுக்கு வைத்திருந்த பேர் அது, எழுத்துக்கூட்டல்கூட அதேதான், கடைசியில் ஒரு எழுத்தை இரண்டு தடவை போட்டிருப்பாள். அந்தப் போன் அவள் விழுந்தபோதே கீழே விழுந்து நொறுங்கிப் போனது. பீரோவில் அவள் துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தோம். ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். சில்லென்று கிடந்தது, அழுத்தினால் ஒன்றும் இல்லை, சார்ஜரில் போட்டும் உயிர் வரவில்லை.

அவர் அந்தப் பேரை நீக்கினார். மறுபடி வந்தது. பெட்டியை அணைத்துப் போட்டார், முதலில் வந்ததே அந்தப் பேர்தான். அப்புறம் எதையோ தொட்டவர், "ஸ்பீடு டெஸ்ட் போட்டிருக்கே, நான் இன்னும் போடலையே அண்ணாச்சி" என்று என்னிடம் நீட்டினார். கொஞ்சம் முன்னால், நாலு இருபதுக்கு, யாரோ ஸ்பீடு டெஸ்ட் போட்டிருக்கிறார்கள். எந்தப் போனிலிருந்து என்ற இடத்தில் அவள் பேர் இருந்தது.

சரஸ்வதி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"வந்துட்டாளுங்க" என்றாள், அவ்வளவுதான்.

நான் விடுகிற ஆளா. திருப்பூரிலிருந்து விவரம் தெரிந்த ஒருத்தரை வரவழைத்துக் காட்டினேன், பழைய பதிவு ஏதாவது ஒட்டியிருக்கும் என்றார். புதுப் பெட்டியில் ஏது பழைய பதிவு. பெட்டியை மாற்றினேன். பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றினேன். பக்கத்தில் வேறு வீடும் கிடையாது, துரைசாமி அண்ணன் வீடே அரை மைல் தள்ளி. தறியென்றால் பிரித்துப் போட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பேன்.

இன்றைக்கும் நடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதுக்கு அந்தப் பேர் வரும், சாயங்காலம் ஆறுக்கு அணைந்துவிடும். சனி ஞாயிறு வராது. பொங்கலுக்கு நாலு நாள் வரவே இல்லை, தவித்துப் போனோம், ஐந்தாம் நாள் ஒன்பதுக்கு வந்தது. கரண்டு போனால் அறுபடக் கூடாது என்று அந்தப் பெட்டிக்குத் தனியாக பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு சரஸ்வதி அந்தப் பெட்டி இருக்கிற மேஜைமேல் ஒரு டம்ளர் டீ கொண்டுபோய் வைப்பாள், ஆறிய பிறகு எடுத்து வருவாள்.

ஆறு அடிக்கும்போது நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அது அணையும்போது வாய் தானாக, போயிட்டு வா கண்ணு என்று ஆரம்பிக்கும். பழகின வாய் அல்லவா. பல்லைக் கடித்து முதல் வார்த்தையை விழுங்கிவிட்டு, "வா கண்ணு" என்று மட்டும் சொல்கிறேன்.